உங்கள் பெயரில் யாரோ வாங்கிய கடன்

வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போனவரிடம், "உங்க பேர்ல ஏற்கனவே மூணு தனிநபர் கடன் பாக்கி இருக்கே" என்கிறார் மேலாளர். இன்னொருவருக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது. அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கடன் செயலியின் பெயரைச் சொல்லி, நான்கு மாத இ.எம்.ஐ. கட்டவில்லை என்று மிரட்டுகிறார் வசூல் ஏஜெண்ட். தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்த செய்திகளையும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அடையாளத் திருட்டு பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. திருடு போன அன்றைக்குத் தெரியாது. அதை வைத்து யாரோ எதையோ வாங்கி, அதற்கான கணக்கு நம் வாசலுக்கு வரும்போதுதான் தெரிகிறது.

இந்தியாவில் இருப்பவருக்கு இப்படி நேர்ந்தால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. சட்டமும் விதிகளும் பாதிக்கப்பட்டவர் பக்கம் ஓரளவு நிற்கின்றன. ஆனால் அவை தாமாக வந்து உதவுவதில்லை. "இது என்னுடையது அல்ல" என்று நீங்கள் எழுத்தில், தேதியோடு சொன்ன பிறகுதான் அவை வேலை செய்யத் தொடங்குகின்றன. போனில் எத்தனை முறை கெஞ்சினாலும் அது கணக்கில் வராது.

முதலில் செய்யக்கூடாதது

பணம் கட்டாதீர்கள். நீங்கள் வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது.

இதை முதலில் சொல்லக் காரணம், பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான். கடன் ஐயாயிரம் ரூபாயாக இருக்கும். ஏஜெண்ட் காலையும் மாலையும் அழைப்பார். வீட்டில் மனைவிக்கோ மாமனாருக்கோ தெரிந்தால் அவமானம் என்று தோன்றும். "ஐயாயிரம்தானே, கட்டித் தொலைத்துவிடலாம்" என்று மனம் சொல்லும். கட்டினால், அந்தக் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக நிறுவனம் எடுத்துக்கொள்ள வழி பிறக்கிறது. பிறகு அதை மறுப்பது பல மடங்கு கடினம். "பாதியைக் கட்டுங்கள், செட்டில் செய்துவிடலாம்" என்ற பேச்சு இன்னும் மோசமானது. செட்டில் செய்த கடன் உங்கள் கடன் வரலாற்றில் "செட்டில்டு" என்றே பதிவாகும். அடுத்த வங்கி அதைப் பார்த்து, வாங்கிய கடனை முழுதாகத் திருப்பாதவர் என்றுதான் உங்களை எண்ணும். செய்யாத தவறுக்குப் பணமும் கொடுத்து, கெட்ட பெயரையும் விலைக்கு வாங்கியதாகிவிடும்.

வெட்கப்படவும் தேவையில்லை. இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் 2022 ஏப்ரலில், தன் பான் எண்ணைத் தவறாகப் பயன்படுத்தி யாரோ 2,500 ரூபாய் கடன் வாங்கியதாகவும், அதனால் தன் சிபில் மதிப்பெண் பாதிக்கப்பட்டதாகவும் வெளிப்படையாக எழுதினார். 2023 மார்ச்சில் டெல்லி காவல்துறை பிடித்த ஒரு கும்பல், பிரபலங்களின் ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்தே அவர்களின் பான் எண்ணை எடுத்திருக்கிறது. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு. அடுத்த பத்து எழுத்துகள் அப்படியே பான் எண். பிறந்த தேதியோ இணையத்தில் தேடினால் கிடைக்கும். இரண்டையும் சேர்த்து, தங்கள் புகைப்படத்தை ஒட்டிய போலி அட்டைகளைத் தயாரித்து அவர்கள் கிரெடிட் கார்டு வாங்கினார்கள். எவ்வளவு கவனமாக இருப்பவருக்கும் இது நடக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். சிம் வாங்க, வாடகை வீடு பிடிக்க, லாட்ஜில் தங்க, குழுக் கடனுக்கு என்று நாம் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ்கள் எத்தனை கைகளில் இருக்கின்றன என்று நம்மில் யாருக்கும் தெரியாது. குற்றம் அந்தத் தாளைத் திருட்டுக்குப் பயன்படுத்தியவருடையது. சரிபார்க்காமல் கடன் கொடுத்த நிறுவனமும் பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால்

கடன் விவகாரத்தில் நாட்கள் கணக்கு. கணக்கிலிருந்து பணம் போனால் நிமிடங்கள் கணக்கு. எனவே இதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இது மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் சைபர் குற்ற உதவி எண். பணம் போன வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று வேகமாகத் தாவும். ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்கு முன் அது நிற்கும் கணக்கை முடக்குவதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம். அழைப்பு முடிந்ததும் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த அழைப்பு உங்கள் வங்கிக்கு. எண்ணை ஏ.டி.எம். அட்டையின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் "வாடிக்கையாளர் சேவை" என்று தேடினால் முதலில் வருவது மோசடிக்காரர் போட்டுவைத்த எண்ணாகவும் இருக்கலாம். கார்டு, யு.பி.ஐ., நெட் பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இங்கே முக்கியம். தவறு உங்களுடையதும் அல்ல, வங்கியுடையதும் அல்ல, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படிதான் முடிவு. தவறு வங்கியுடையது என்றால், எப்போது புகார் கொடுத்தாலும் உங்களுக்குப் பொறுப்பில்லை. வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் கடமையும் வங்கியுடையது என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது.

நீங்களே ஓ.டி.பி.யைச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. புகார் கொடுக்கும் நிமிடம் வரைக்குமான நஷ்டம் உங்களுடையது. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ஓ.டி.பி. சொல்லிவிட்டோமே என்று குறுகிப்போய் இரண்டு நாள் வாய்திறக்காமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

வாங்காத கடனை நீக்கும் வழி

முதல் வேலை, உங்கள் பெயரில் மொத்தம் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்பது. ஏஜெண்ட் சொன்ன ஒரு கடன் மட்டும்தான் என்று நம்பிவிடாதீர்கள். ஓரிடத்தில் செல்லுபடியான ஆவணத்தை வேறு இடங்களிலும் முயன்று பார்த்திருப்பார்கள்.

நாம் எல்லாவற்றையும் "சிபில்" என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். இது 2017 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம். குறிப்பாக, மகளிர் குழு வழியாக வரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்றால் ஹைமார்க் அறிக்கையைக் கட்டாயம் பாருங்கள்.

அறிக்கையில் இரண்டு பகுதிகளைப் படிக்க வேண்டும். ஒன்று, கணக்குகள்: எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எவ்வளவு கடன் கொடுத்தது, இன்னும் எவ்வளவு பாக்கி. மற்றொன்று, விசாரணைகள்: உங்கள் பெயரில் கடன் விண்ணப்பம் வந்ததால் உங்கள் வரலாற்றைப் பார்த்த நிறுவனங்களின் பட்டியல். இரண்டாவதைப் பலர் புரட்டிவிட்டுப் போகிறார்கள். நீங்கள் விண்ணப்பிக்காத விசாரணை அங்கே இருந்தால், கடன் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் யாரோ முயன்றுகொண்டிருக்கிறார் என்று பொருள். அந்த நிறுவனத்துக்கு இன்றைக்கே எழுதினால் கடன் பிறக்கும் முன்பே நிறுத்தலாம். அறிக்கையில் பதிவாகியிருக்கும் முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றையும் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத எண் ஒன்று அங்கே இருந்தால், அது திருடனின் எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். போலீசுக்குக் கொடுக்க அதைவிட நல்ல துப்பு கிடையாது.

இனி புகார். ஒரே நாளில் இரண்டு இடத்தில் கொடுங்கள்: கடன் தகவல் நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பதிவுக்கு எதிரான ஆட்சேபம், கடன் கொடுத்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்து மூலமான மறுப்பு. ஏன் இரண்டு? சிபில் போன்ற நிறுவனங்கள் தம்மிடம் வந்த தகவலைத் தாமாகத் திருத்துவதில்லை. கடன் கொடுத்தவரைக் கேட்கும். அவர் "சரிதான், இவர்தான் வாங்கினார்" என்று சொல்லிவிட்டால் உங்கள் ஆட்சேபம் மூடப்படும். தீர்ப்பு உண்மையில் கடன் கொடுத்தவர் கையில் இருப்பதால், வலுவான கடிதம் அங்கேதான் போக வேண்டும்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்: "மேற்கண்ட எண்ணுள்ள கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. மின்னணு முறையிலும் ஒப்புதல் அளிக்கவில்லை. கடன் தொகை எதுவும் எனக்கு வரவில்லை. என் அடையாள ஆவணங்களைத் தவறாகப் பயன்படுத்தி வேறொருவர் பெற்ற கடன் இது. இதை மோசடிக் கணக்காகப் பதிந்து, வசூல் நடவடிக்கையை நிறுத்தி, எல்லாக் கடன் தகவல் நிறுவனங்களிலிருந்தும் நீக்குமாறு கோருகிறேன்."

அதன் கீழே ஆவணங்களைக் கேளுங்கள். விண்ணப்பப் படிவம், கடன் ஒப்பந்தம், அடையாளச் சரிபார்ப்புக்குக் கொடுத்த ஆதார், பான் நகல்கள், எடுத்த செல்ஃபி அல்லது வீடியோ, ஒப்பந்தத்தை ஏற்க ஓ.டி.பி. போன கைபேசி எண். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் பணம் எந்த வங்கிக் கணக்கில் போடப்பட்டது என்ற விவரம். இந்த ஒரு கேள்வி பல வழக்குகளின் முடிச்சை அவிழ்க்கும். டிஜிட்டல் கடன்களுக்காக 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தந்த வழிகாட்டுதலின்படி, கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும். சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. பணம் முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்குப் போயிருந்தால், நிறுவனம் சரியாகச் சோதிக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் பெயரிலேயே உள்ள, ஆனால் நீங்கள் திறக்காத ஒரு கணக்குக்குப் போயிருந்தால், அந்த வங்கிக்கும் தனியாக ஒரு மறுப்புக் கடிதம் எழுத வேண்டும் என்று பொருள். அந்தப் போலிக் கணக்கின் வழியாக வேறு மோசடிப் பணமும் நாளை ஓடலாம். அதற்கும் போலீஸ் உங்களைத் தேடி வரக்கூடும்.

கடிதத்தை நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவர் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். அதையே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஏஜெண்டுக்கு அனுப்பியது புகார் ஆகாது.

புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்கள் எண்ணத் தொடங்குங்கள். 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கடன் தகவலைத் திருத்தக் கோரிய புகார் 30 நாட்களுக்குள் தீராவிட்டால், அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டால், விவரம் தெரிந்தவர் எழுதுகிறார் என்பது அங்கே புரிந்துவிடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். புகாரை ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். 14448 என்ற எண்ணில் தமிழிலும் வழி கேட்கலாம். வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீது மட்டுமல்லாமல், 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்க முடிகிறது. வக்கீல் தேவையில்லை. நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்ததற்கான ஆதாரம்தான் தேவை. அந்தக் கடிதத்தை இவ்வளவு வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இதற்கிடையில் ஏஜெண்டுகள் அழைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினருக்கும் நண்பருக்கும் போன் போட்டு அசிங்கப்படுத்தக்கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். "இது மோசடிக் கடன். இந்தத் தேதியில் உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் எண் இது. இனிப் பேச வேண்டியதை எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள். அழைத்த எண்ணையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மிரட்டல் இருந்தால் பதிவு செய்யுங்கள். ஒம்பட்ஸ்மேனுக்கு எழுதும்போது அந்த நோட்டு பேசும்.

கடன் கொடுத்த செயலிக்குப் பின்னால் பதிவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ இல்லை என்றால், அது சட்டவிரோதச் செயலி. அதன் மேல் ஒம்பட்ஸ்மேனுக்கு அதிகாரம் இல்லை. அங்கே கடிதப் போக்குவரத்தில் நேரத்தை வீணாக்காமல் நேரே சைபர் குற்றப் புகாருக்குப் போய்விடுங்கள். ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் அதைப் பற்றித் தெரிவிக்கலாம்.

"சிபிலைச் சரிசெய்து தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் கட்டணம் கிடையாது. மீண்டும் பான், ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டு, பணமும் கேட்கும் ஒருவரிடம் உங்கள் அடையாளத்தை இரண்டாம் முறை ஒப்படைப்பது பேராபத்து.

காவல் நிலையத்தில்

போலீஸ் புகார் இல்லாமலும் கடனை மறுக்கலாம். ஆனால் புகார் இருந்தால் நிறுவனம் உங்களை நம்புவது எளிதாகிறது. புகாரின் நகல் வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கவும் செய்கின்றன. பின்னாளில் உங்கள் பெயரிலுள்ள சிம்மோ கணக்கோ வேறு குற்றத்தில் சிக்கினால், "நான் அன்றைக்கே சொன்னேன்" என்பதற்கு அதுவே சாட்சி.

சைபர்கிரைம் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். நேரில் என்றால் உங்கள் மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ போகலாம். தமிழ்நாட்டில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். புகார் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி அது, எஃப்.ஐ.ஆர். அல்ல. ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம்.

"இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பினால், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை நினைவில் வையுங்கள். பதிய மறுத்தால் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். புகாரில் குறிப்பிட வேண்டிய முக்கியமான சட்டப் பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி. இன்னொருவரின் மின்னணுக் கையெழுத்து, கடவுச்சொல் அல்லது தனித்த அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 66டி. கடன் அறிக்கையின் அச்சுப் பிரதி, மறுப்புக் கடிதம், ஏஜெண்டுகளின் அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைப் புகாரோடு இணையுங்கள். கதையை நீட்டி எழுதுவதைவிட, தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு விசாரிக்கிறவருக்கு உதவும்.

அட்டையே தொலைந்திருந்தால் அது தனி வேலை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கையை வீட்டிலிருந்தே பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம்.

அதே வாரத்தில் பார்க்க வேண்டியவை

பான் எண்ணையோ ஆதார் எண்ணையோ பூட்டை மாற்றுவது போல மாற்றிவிட முடியாது. இரண்டாவது பான் வாங்கினால் 10,000 ரூபாய் அபராதம் என்று வருமானவரிச் சட்டமே எச்சரிக்கிறது. எனவே அந்த எண்ணை வைத்து எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று நாமே போய்ப் பார்ப்பதுதான் வழி.

சிம் முதலில். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. போட்டால், உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளின் பட்டியல் வரும். உங்களுடையது அல்லாத எண்ணைத் தேர்ந்து, "இது என் எண் இல்லை" என்று தெரிவிக்கலாம். சில நிமிட வேலைதான். ஆனால் போலி சிம் ஒன்றை ஒழித்தால், அதில் ஓ.டி.பி. வாங்கி நடத்தக்கூடிய அடுத்த பத்து மோசடிகளும் ஒழிகின்றன. உங்கள் சொந்த சிம் காரணமில்லாமல் சிக்னல் இழந்தால் காத்திருக்காதீர்கள். வேறு போனிலிருந்து நிறுவனத்தை அழைத்து, யாராவது மாற்று சிம் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆதாரில் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, பயோமெட்ரிக் பூட்டு. போட்டுவிட்டால் உங்கள் கைரேகையையோ கருவிழியையோ வைத்து யாரும் சரிபார்ப்பு நடத்த முடியாது. பத்திரப்பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையைப் பிரதியெடுத்து, ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவில் கணக்கைச் சுரண்டிய வழக்குகள் வேறு மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டிய நாளில் திறந்து, பிறகு மறுபடி பூட்டிக்கொள்ளலாம். மற்றொன்று, சரிபார்ப்பு வரலாறு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எந்த நாளில், ஓ.டி.பி. மூலமா கைரேகை மூலமா சரிபார்த்தது என்று அதில் தெரியும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அங்கே இல்லாவிட்டால், வெறும் ஜெராக்ஸை வைத்தே கடன் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் கேள்வி எழுப்ப முடியும். சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்.

பான் எண்ணுக்கு இரண்டு சோதனைகள். ஜி.எஸ்.டி. தளத்தில் லாகின் இல்லாமலே, பான் எண்ணைக் கொடுத்து அதன் பெயரில் ஏதாவது நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று தேடலாம். தெரியாத நிறுவனம் வந்தால் அங்கேயே புகார் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. கோடி ரூபாய் நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். அடுத்து, வருமானவரித் தளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை. உங்கள் பான் பெயரில் வந்த வட்டி, நடந்த பங்கு வர்த்தகம், வாங்கிய சொத்து எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் திறக்காத வங்கிக் கணக்கின் வட்டி அதில் எட்டிப்பார்த்தால், போலிக் கணக்கு இருப்பதற்கான முதல் தடயம் அதுவே. அந்தப் பதிவு தவறு என்று அங்கேயே பதில் தரலாம்.

மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுவது, இரட்டைச் சரிபார்ப்பு போடுவது, உங்கள் பெயரில் ஓடும் போலி முகநூல் கணக்கைப் புகார் செய்வது ஆகியவற்றையும் இந்த வாரமே முடியுங்கள். மின்னஞ்சல் முதலில். மற்றக் கடவுச்சொற்களில் பலவற்றை அதன் வழியாகவே மாற்றிவிட முடியும்.

திருடியவர் தெரிந்தவராக இருந்தால்

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நிறுவனத்திடமிருந்து ஆவணங்கள் வந்து பார்த்தால், ஓ.டி.பி. போன எண் தம்பியுடையதாக இருக்கும். கடன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஊர்க்காரருடையதாக இருக்கும். குழுக் கடனுக்காக எல்லோருடைய ஆதாரையும் வாங்கி வைத்திருந்த குழுத் தலைவியுடையதாக இருக்கும். அப்போது, அதுவரை தைரியமாகக் கடிதம் எழுதியவர்கூடத் தளர்ந்துபோகிறார். "நாமே கட்டிவிடலாம், குடும்ப மானம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த நெருக்கடி எவ்வளவு கனமானது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டு உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். கடன் உங்கள் பெயரில் இருக்கும்வரை விளைவு முழுதும் உங்களுக்குத்தான்; உங்கள் மகளின் கல்விக்கடன் மனுவில் நீங்கள் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடும் நாளில் அது எழுந்து நிற்கும். இரண்டாவது, திருடியவர் யாரென்று தெரிந்தும் மறைத்து நிறுவனத்திடம் "யாரென்று தெரியாது" என்று எழுதுவது உங்கள் மறுப்பையே கெடுத்துவிடும். சமரசம்தான் உங்கள் முடிவு என்றால், அவரே நேரில் வந்து, கடன் தன்னுடையது என்று நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்து, தன் பணத்தில் முழுதும் கட்டி, "செட்டில்டு" அல்லாமல் முழுமையாக முடிந்த கணக்கு என்ற சான்றை வாங்கித் தர வேண்டும். அதற்குக் குறைந்த எதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் அவர் மறுத்தால், வழக்குப் பதிவதில் உறவு கெடுகிறதே என்று வருந்த வேண்டியவர் நீங்கள் அல்ல.

வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய அறிக்கையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கு, பயன்படுத்தாத பான், யார் கேட்டாலும் நம்பிக்கொடுக்கும் ஆதார் ஜெராக்ஸ் என்று மூன்றும் சேர்ந்து இருப்பது அவர்களிடம்தான். பிரவுசிங் சென்டரில் எடுத்தால், தரவிறக்கிய கோப்பை அங்கிருக்கும் கணினியிலிருந்து அழித்துவிட்டு வர வேண்டும்.

கடன் நீக்கப்பட்டது என்று கடிதம் வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. நான்கு அறிக்கைகளிலும் அது போயிருக்கிறதா என்று பாருங்கள். நிதி நிறுவனங்கள் வாராக்கடன்களைச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்பதுண்டு. நீக்கப்பட்டதாகச் சொன்ன கடன், வாங்கிய நிறுவனத்தின் பெயரில் மறுபடி முளைக்கலாம். அப்போது புது ஏஜெண்ட், புது எண், பழைய மிரட்டல். பழைய நிறுவனம் கொடுத்த கடிதத்தின் நகல் ஒன்றை அனுப்பினால் போதும் என்ற நிலையில் இருக்க, அந்தக் கடிதத்தை, சி.எஸ்.ஆர். ரசீதை, ஒம்பட்ஸ்மேன் பதிலை எல்லாம் ஒரே கோப்பில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து இலவச அறிக்கைகளை மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுக்கலாம்: ஜனவரியில் சிபில், ஏப்ரலில் எக்ஸ்பீரியன், ஜூலையில் ஈக்விஃபேக்ஸ், அக்டோபரில் ஹைமார்க்.